சர்க்கார் குந்திய கரை

அரசாங்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் சர்க்கார்தான். மந்திரிகளுக்குக்கூட அவ்வளவு தெரியாது.

சொந்தப் பெயர் என்னவோ. சடையங்குப்பத்தில் எல்லோருக்கும் அவர் சர்க்கார். லுங்கி, சட்டையில்லாத மார்பு, அதன் மேல் ஒரு கறுப்புக் கோட்டு. நிலம் கிடையாது. மாட்டுவண்டி ஓட்டினார். ஆனால் உழவனுக்கு எந்த ஆபீசில் என்ன கொடுக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை.

"பியூன் டீ குடிக்கற கடைய கண்டுபுடி நைனா. அதுக்குப் பின்னாலதான் ஆபீசு கீது" என்பார்.

ஒருமுறை எங்கேயோ எலுமிச்சங்கன்று இலவசம் என்று கேள்விப்பட்டு, வண்டி நிறைய ஏற்றி வந்துவிட்டார். நிலம் இருக்கிறவன், இல்லாதவன், எல்லோர் கையிலும் ஒன்று. கொருக்குப்பேட்டையில் ரயில் லைனை ஒட்டி ஒற்றை அறையில் குடியிருந்த என் மைத்துனனுக்கும் ஒரு கன்று போனது. தார் டின்னில் நட்டான்.

"குடுக்கசொல்ல வாணான்னா, அடுத்த தபா குடுக்க மாட்டான்" என்றார் சர்க்கார்.

மணலிப் பக்கம் ஃபாக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். உப்பங்கழியை ஒட்டிய எங்கள் கரை உடைந்தது. அமாவாசைக்குக் கடல் ஏறும். கழி நிரம்பும். உப்புத் தண்ணீர் உடைப்பு வழியாக வயலுக்குள் பாயும். உடைப்புக்கு நேர் கீழே என் நாற்றங்கால். உப்பு ஏறினால் நாற்று கருகும். மறுபடி விதைக்க வீட்டில் நெல் இல்லை.

சர்க்கார் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாலைந்து ஆபீசு ஏறி இறங்கி, கரைக்குக் கல் கட்டித் தரும் மண் பாதுகாப்பு ஆபீசைப் பிடித்துவிட்டார்.

"அமாவாசை காலைல ஆபீசர இட்டாறேன். தண்ணி ஏறசொல்ல கண்ணால பாக்கட்டும்."

அங்கேதான் நாங்கள் கெடுத்தோம். பெரிய மனிதர் வருகிறார், பூட்ஸில் சேறு படலாமா? முந்தின நாள் ஊரே கூடி உடைப்பில் வைக்கோலைத் திணித்து, மேலே மண் போட்டு மெழுகிவிட்டோம். பெண்கள் அதன் மேல் ஒரு கோலமும் போட்டார்கள்.

ஜீப் வந்தது. ஆபீசர் கரை மேல் நடந்தார்.

"கரை நல்லாத்தானேய்யா இருக்கு? இதைவிட மோசமான ஊரெல்லாம் காத்துக்கிட்டு இருக்கு."

சர்க்கார் கோலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? அவரு இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறாரு?"

கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சர்க்கார் ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"சார், இது கரை இல்ல சார். வைக்கோலு."

"யார்கிட்ட கதை விடற? டிரைவர், வண்டியை எடு."

சர்க்கார் நேரே போய்க் கோலத்தின் மேல் சம்மணம் போட்டுக் குந்தினார். ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் அவ்வளவு நன்றாக மெழுகியிருந்தோம். யாரோ சிரித்தார்கள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவர் இறங்க ஆரம்பித்தார். முட்டி போனது. இடுப்பு போனது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இப்ப பாருங்க சார்" என்றார்.

வைக்கோல் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் சீறியது. நாற்றங்காலின் மூலையை அது தொடுவதைப் பார்த்தேன்.

சர்க்கார் எழுந்து ஓடவில்லை. கோட்டோடு உடைப்புக்குக் குறுக்கே படுத்துவிட்டார்.

"மண்ணு போடு நைனா! என் மூஞ்சிய பாத்துகினு நிக்கிற!"

போட்டோம். கூடை கூடையாக, அவர் வயிற்றை அணைத்துப் போட்டோம். ஆபீசர் பூட்ஸோடு சேற்றில் இறங்கிக் கூடை மாற்றினார். அலை சர்க்காரின் முதுகில் அடித்தது. கழுத்துக்கு மேல்தான் ஆள் தெரிந்தார்.

"சார், கல்லு எப்ப வரும்?"

"வரும்யா! நீ முதல்ல எழுந்திரு!"

"எப்பன்னு சொல்லுங்க சார். அப்பால எந்திரிக்கறேன்."

"அடுத்த அமாவாசைக்குள்ள! போதுமா?"

அப்போதும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வடிகிறவரைக்கும் கிடந்தார். நாற்றில் ஒரு மூலை போனது. மற்றது பிழைத்தது. கல்லும் சொன்னபடி வந்தது.

அன்றைக்குத் தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் ஆபீசரை வழியனுப்ப ஜீப்பிடம் ஓடிவிட்டார்கள். நான் சர்க்காரை மண்ணிலிருந்து பிடித்து இழுத்தேன். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"சர்க்காரே, உனக்குன்னு ஒரு ஆபீசுக்காச்சும் போயிகீறியா?"

அவர் கோட்டைப் பிழிந்துகொண்டே யோசித்தார்.

"எனக்கு இன்னா நைனா கீது, அங்க போயி கேக்க?"

வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வெந்நீர் வைத்து, முதுகை நானே தேய்த்துவிட்டேன்.