கம்பெனி பஸ்ஸில் ஒரு மாணவர் சேர்க்கை

ஓய்வு பெற்ற அரசு ஊழியரிடம் கடைசியில் மிஞ்சுவது இரண்டு: சர்க்கரையும் விதிமுறைகளும். சர்க்கரைக்காவது மாத்திரை இருக்கிறது.

நான் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன். மாணவர் சேர்க்கை பற்றிய எத்தனையோ சுற்றறிக்கைகள் என் மேஜையில் பிறந்தவை. (மாணவர்களைத்தான் பார்த்ததில்லை.) என் மகள் ஜெசி, மாதனூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை. போன ஜூனில் அவளுக்கு ஒரு சிக்கல். இன்னும் மூன்று பிள்ளைகள் சேராவிட்டால், கூட இருந்த ஒரே ஆசிரியரையும் 'உபரி' என்று வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு ஐந்து வகுப்புக்கும் இவள் ஒருத்திதான். பத்து மணிக்கு வீடு வீடாகப் போனால் பூட்டுகள்தான் வரவேற்றன. அம்மாக்கள் எல்லாரும் ஷூ கம்பெனியில்.

"நீ விடு, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு, படிவக் கட்டோடு கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பெண்கள் ஏறினார்கள். பின்னாலேயே நானும் ஏறினேன்.

"குழந்தையோட பிறந்த தேதி, தாய்மொழி, சாதிச் சான்று..." என்று ஆரம்பித்ததுமே முன் சீட்டில் இருந்த சாந்தி என்ற பெண் மறித்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். பஸ்ஸு ஏழரைக்கு, உங்க ஸ்கூலு ஒம்போதுக்கு. நடுவுல எம்மவள யாரு பாத்துக்குவாங்க? ப்ரைவேட் ஸ்கூல் வேனு ஏழுக்கே வந்து இட்டுகினு போய்டுது."

பள்ளி வேலை நேரம் பற்றிய அரசாணையை நான் விளக்கி முடிப்பதற்குள் பஸ் ஊரைத் தாண்டிவிட்டது. நிறுத்தச் சொன்னேன்.

"நடுவுல நிறுத்தக்கூடாது சார். கம்பெனி ரூலு" என்றார் டிரைவர்.

ரூல் என்று ஒருவர் சொன்னபிறகு நான் என்ன பேச முடியும்? உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி கேட்டார்: "நீங்க யாரு சார்?"

"கல்வித் துறை. இங்க சின்னப் பிள்ளைங்க எத்தனை பேர்னு கணக்கெடுக்கணும்."

அவர் முகம் வெளுத்தது. அடுத்த நிமிடம் ஓர் இளம் அதிகாரி ஓடிவந்தார். நாற்காலி வந்தது, இளநீர் வந்தது.

"சார், எங்க கம்பெனில சின்னப் பசங்க ஒருத்தர்கூட கிடையாது. உள்ள வந்து நீங்களே பாருங்க!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க" என்றேன், இளநீரை உறிஞ்சியபடி. "எனக்குக் குறைஞ்சது மூணு பேராவது வேணும். கிடைக்காம போகமாட்டேன்."

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. சாந்திதான் ஓடிவந்து காப்பாற்றினாள்.

"அய்ய, பயப்படாதீங்க சார்! ரெய்டு இல்ல. இவரு ஸ்கூலுக்கு ஆள் புடிக்க வந்தவரு!"

அந்த ஷிப்டு மொத்தமும் சிரித்தது. சிரித்து முடித்தவள், பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க தெனமும் ஏழு மணிக்கு ஸ்கூல் கேட்டாண்ட நிப்பீங்களா? நின்னா எம்மவ வருவா. இதுங்க ரெண்டு பேரு புள்ளைங்களும் வரும்."

நிற்பதாகச் சொன்னேன். அந்த வாசலிலிருந்து தப்பிக்க எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆசிரியர் பதவி தப்பியது. எந்த விதியிலும் இடமில்லாத, ஊதியமில்லாத ஒரு பதவியில் நான் மாட்டிக்கொண்டேன். காலையில் செருப்பு மாட்டும்போதே மனைவி கேட்கிறாள்: "இன்னிக்கு எந்த ஷிப்டு?" மருமகன் வந்தால் கையில் இளநீரைக் கொடுத்து, "மூணு பேர் கிடைச்சாங்களா மாமா?" என்கிறார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. பூட்டிய கேட்டின் முன்னால், அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்த சாந்தியின் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா தாத்தா, மறுபடியும் பஸ் ஏறிட்டியா?"