காலி பண்ணச் சொல்லுங்க, சார்!

வீட்டுக்காரர் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பது ஒன்று. வீட்டிலிருக்கும் மனைவிக்குப் புருஷன் என்பது இன்னொன்று. நம் கண்ணாடிக்கடைக்காரர் கல்யாணமான நாள் முதல் இரண்டாவது அர்த்தத்தில் மட்டுமே வீட்டுக்காரராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். முதல் அர்த்தத்திலும் ஆகிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது தீர்மானித்தார். வாய் நிறைய நுரையோடு அறிவித்ததால் மனைவிக்குச் சரியாகக் கேட்கவில்லை.

“மாடு வாங்கறோமா? மாட்டை எங்கங்க கட்டறது?”

“மாடில்ல! வீடு, வீடு!”

“அதைத்தான் எங்க கட்டறதுன்னு கேக்கறேன்.”

“கட்டறதில்ல. கட்டி முடிச்சதை வாங்கறோம்.”

கடையில் உட்கார்ந்து, ஊரார் கண்ணைச் சோதித்து, எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வது அவர் தொழில். அவருக்கும் தூரத்தில் இருப்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதுதான் கொஞ்சம் மங்கல். மனைவியோ மூட்டுவலிக்காரர்களின் வீடு வீடாகப் போய்க் கை கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பவள். யாருடைய எந்த மூட்டை எப்போது அசைக்க வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்பது அவளுக்கு அத்துபடி.

அவர் மனதைப் பறிகொடுத்த வீடு ஏரிக்கரையில் ஏழாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வைக்க இடம் விட்டிருந்தார்கள். லிஃப்டை இன்னும் வைக்கவில்லை. பால்கனியில் நின்று பார்த்தால் பாதி ஊர் காலடியில். “பாத்தியா, பாத்தியா” என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். மனைவி தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, “உயரமா இருக்கு” என்றாள். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். குடியிருந்த வீட்டின் ஒப்பந்தம் முடிய இன்னும் அரை வருஷம் பாக்கி. நடுவில் தாங்களாகக் கிளம்பினால் அட்வான்ஸ் அம்பேல். வீட்டு ஓனரே காலி பண்ணச் சொன்னால் முழுதாகத் திரும்பி வரும். அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் புது வீடு கைக்கு வரும்.

ஓனர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். முன்பாதியில் அவரும் அவர் மனைவியும், பின்பாதியில் இவர்கள்.

“போய்க் கேட்டுப் பாக்கலாமேங்க” என்றாள் மனைவி.

“கேக்கறதா? நல்லா இருக்கே! கேட்டா முடியாதும்பார். அவரே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும். தள்ள வைக்கிறேன் பாரு.”

“கழுத்து சுளுக்கிக்கப் போகுது.”

“இதுல நீ தலையிடவே கூடாது. நான் பேசும்போது வாயையே திறக்கக் கூடாது. ஓனரை நான் பாத்துக்கறேன். பேங்க், பத்திரம், பதிவு ஆபீஸ் மாதிரி சில்லறை வேலையெல்லாம் நீ பாத்துக்கோ.”

“சரிங்க” என்றாள். உடனே சொன்னாள். அந்த ‘சரி’ இவ்வளவு வேகமாக வந்ததற்கு அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இதற்கு முன் இரண்டு வீடுகள் அவருடைய சாமர்த்தியத்தால்தான் கை நழுவிப் போயின. ஒரு வீட்டில் தூண் கோணல் என்று கட்டியவரிடமே வாதாடி, கடைசியில் அவருக்குத்தான் பார்வை கோணல் என்று கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டார். இன்னொன்றில் பேரம் பேசிய பேச்சில், தன் வீடு இத்தனை அருமையானதா என்று மலைத்துப்போன விற்பவர், விற்காமலே வைத்துக்கொண்டார்.

முதல் தாக்குதல் கட்டிலில் தொடங்கியது. மதியம் ஓனர் கண்ணயரும் நேரம் பார்த்து, நடுச்சுவரை ஒட்டியிருந்த கட்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இழுத்தார். தரையில் உராய்ந்த சத்தத்தில் அவருக்கே பல் கூசியது. கதவு தட்டப்பட்டது. ஆஹா!

“என்ன சார், சத்தம் பொறுக்க முடியலையா?” என்று ஆசையோடு கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. தனியாவா இழுக்கறீங்க? ஒரு முனையை நான் பிடிக்கறேன். எங்க போடணும்?”

எங்கே போடுவது என்று கண்ணாடிக்காரர் யோசித்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி வைத்தார். அங்கே போட்டார்கள். அன்றிரவு முதல் கட்டிலுக்கு நேராகக் காற்று வந்தது. இத்தனை வருஷம் வராத தூக்கம் வந்தது. நிம்மதியாகத் தூங்கி எழுந்து, அதற்காகக் கோபப்பட்டார்.

“என்ன ஆச்சுங்க?”

“திட்டவே இல்லடி.”

“அடப்பாவமே. வேற ஏதாவது பண்ணிப் பாருங்க” என்று காபியை ஆற்றிக் கையில் கொடுத்தாள்.

அடுத்தது வாய்ச்சண்டை. தெருவுக்கே கேட்கும்படி வாசலில் நின்று கத்தினார். “குழாய் ஒழுகுது! கதவு கத்துது! கொண்டி போட்டா ஜன்னல் நிக்கல! இது மனுஷன் குடியிருக்கற வீடா?” மானமுள்ள எந்த ஓனரும் ‘பிடிக்கலைன்னா கிளம்பு’ என்றுதான் சொல்வான். லிஃப்ட் மெக்கானிக்கோ உள்ளே போனார். போனவர் கருவிப்பெட்டியோடு வந்தார். சாயங்காலத்துக்குள் குழாய் வாயை மூடியது. சமையலறைக் கதவு ஒற்றை விரல் பட்டதும் ஓசையில்லாமல் திறந்து ஓசையில்லாமல் மூடியது. யாரும் பார்க்காத நேரத்தில் கண்ணாடிக்காரர் அதைப் பலமுறை திறந்து மூடினார். ‘இப்பேர்ப்பட்ட வீட்டையா விட்டுப் போகணும்?’ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. தலையில் தானே குட்டிக்கொண்டார்.

மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம். தெருவைப் பார்த்த வெளிச்சுவர் முழுக்க அழுத்தமான ஊதா பெயிண்டை அடித்துத் தள்ளினார். தெருவில் சைக்கிளில் போனவர் ஒருவர் இறங்கி நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே உருட்டிக்கொண்டு போனார். ஓனர் வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார்.

“நல்லா... இருக்கு தம்பி.”

“நல்லா இருக்கா? சரியாப் பாருங்க சார்! கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க!”

“போட்டிருக்கேனே தம்பி. நீங்க குடுத்த கண்ணாடிதான். எல்லாம் தெளிவாத் தெரியுது.” அவர் கண் கலங்கியிருந்தது. கண்ணாடிக்காரரின் தோளில் கையை வைத்தார். “எதையும் மனசுக்குள்ள பூட்டி வெச்சுக்காதீங்க. பக்கச்சுவர் ஒண்ணு பாக்கியிருக்கு. ஆசையிருந்தா அதையும் அடிச்சுடுங்க.”

ஓனர் மனைவி ஜன்னல் வழியாக, “தம்பி, சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?” என்று குழந்தையை விசாரிப்பதுபோல விசாரித்தாள்.

கண்ணாடிக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு மனுஷன் திட்டு வாங்குவதற்கு இந்த உலகத்தில் இவ்வளவு பாடுபட வேண்டுமா? கடையில் சரியாகப் படித்தவரைப் பார்த்துத் தப்பு என்றார். தப்பாகப் படித்தவரைப் பார்த்துச் சபாஷ் என்றார். கூட்டம் போன பிறகு நாற்காலியில் தானே உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் படித்துப் பார்த்தார். கடைசி வரிசை வரை பிசகில்லாமல் வந்தது. கண்ணில் கோளாறில்லை. அப்படியானால் எதுதான் தெரியவில்லை? அதுதான் தெரியவில்லை.

சாயங்காலம் கடையைப் பாதியில் மூடிவிட்டு நேராக ஓனர் வீட்டுக்குள் நுழைந்தார். ஓனர் மனைவி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, இவர் மனைவி தரையில் உட்கார்ந்து அந்த முழங்காலை மெதுவாக மடக்கிக்கொண்டிருந்தாள். தினம் நடப்பதுதான். இவர்தான் இன்றைக்கு முதல்முறையாகப் பார்க்கிறார்.

“சார்! என்னை ஏன் சார் திட்ட மாட்டேங்கறீங்க? நானும் என்னவெல்லாமோ பண்ணிட்டேன். காலி பண்ணச் சொல்லுங்க, சார்! உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க!”

ஓனர் பதறி எழுந்தார். “ஐயோ, அதை எப்படித் தம்பி சொல்லுவேன்? நீங்களேதான் வெள்ளிக்கிழமை கிளம்பறீங்களே!”

“நானா? யார் சொன்னது?”

“உங்க வீட்டம்மாதான். ‘உங்க மனசு பெரிசுண்ணே, புது வீடு வாங்கறோம், முன்கூட்டியே போகலாமா’ன்னு அன்னிக்கே வந்து கேட்டாங்க. தாராளமாப் போங்கன்னேன். அட்வான்ஸையும் அப்பவே குடுத்தாச்சு.”

கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அப்ப... நான் கட்டிலை இழுத்தது?”

“அவங்க அதையும் சொல்லிட்டாங்க தம்பி. இந்த வீட்டைப் பிரிய முடியாம உள்ளுக்குள்ள துடிக்கறீங்க, அழத் தெரியாம இப்படியெல்லாம் பண்றீங்க, எதுவும் சொல்லிடாதீங்கன்னாங்க.” ஓனர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எத்தனையோ பேர் குடியிருந்துட்டுப் போயிருக்காங்க. போற நேரத்துல சுவருக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்த பாசத்தை நான் கண்டதில்ல.”

பின்பாதிக்குத் திரும்பியதும் அவர் வெடித்தார்.

“தலையிடாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“நான் எங்கங்க தலையிட்டேன்? அக்காவோட கால்லதான் கை வெச்சேன்.”

“வாயே திறக்கக் கூடாதுன்னேனே!”

“நீங்க பேசும்போதுதானே? நீங்க பேசும்போது நான் ஒரு வார்த்தை பேசினேனா?”

பேசவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தார். உண்மையிலேயே பேசவில்லை. கோபப்படுவதா, அட்வான்ஸ் வந்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப்பாதி பட்டார். “எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார் ஈனஸ்வரத்தில்.

“உங்களுக்கும் ஒரு வேலை வேணுமேங்க. சும்மா இருந்தா பதிவு ஆபீசுக்குக் கூடவே கிளம்பியிருப்பீங்க.”

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. சாமான் ஏறியது. ஓனர் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அழுங்க தம்பி, வெக்கப்படாதீங்க” என்றார். கண்ணாடிக்காரருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வீட்டை நினைத்தா, தன்னை நினைத்தா என்று அவருக்கே விளங்கவில்லை. ஓனர் மனைவி ஊன்றுகோல் இல்லாமல் வாசல் வரை நடந்து வந்து கையசைத்தாள்.

லாரியின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் மனைவி, ஓரத்தில் இவர். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மனசு தேறிவிட்டது. எது எப்படியோ, ஏரிக்கரை வீடு வந்துவிட்டது. பால்கனியில் ஒரு நாற்காலி. கையில் காபி. காலடியில் ஊர்.

நாற்சந்தியில் லாரி இடதுபுறம் திரும்பியது.

“டிரைவர்! வலது பக்கம் போப்பா! ஏரி வலது பக்கம்!”

டிரைவர் இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

“நேராப் போங்கண்ணே” என்றாள் அவள்.

நாலைந்து தெரு தள்ளி, மாடியே இல்லாத ஒரு சின்ன வீட்டின் முன்னால் லாரி நின்றது. வாசலுக்கு ஒரே ஒரு படி. மனைவி இறங்கினாள். பையிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். கண்ணாடிக்காரர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். வீடு மாறவில்லை.

“ஏண்டி... நாம பாத்தது ஏழாவது மாடி இல்ல?”

“அது நீங்க பாத்த வீடுங்க. இது நான் வாங்கின வீடு. காலைத் துடைச்சுக்கிட்டு உள்ள வாங்க.”