றிவேஸ் அண்ணை எடுத்த ஒரே றிவேஸ்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் முன்பக்கமாக மட்டுமே சுற்றிவந்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் அரியாலை றிவேஸ் அண்ணைதான். வாடகைக்குக் கார் ஓடினார். ஆனால் காரைப் பின்னுக்கு எடுக்கமாட்டார். அதனால்தான் அந்தப் பெயர்.

கியர் பழுது என்றார்கள் சிலர். வைரவருக்கு நேர்த்திக்கடன் என்றார்கள் சிலர். கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: "முன்னுக்கு நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. பின்னுக்கு என்ன நிக்குது எண்டு ஆருக்குத் தெரியும்?"

எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைகளில் இந்தக் கொள்கையோடு கார் ஓடுவது லேசல்ல. ஒருமுறை பெண் பார்க்கப் போனவர்களை ஏற்றிச் சென்றார். ஒழுங்கை பெண்வீட்டு முற்றத்தோடு முடிந்துவிட்டது. பலகாரம் சாப்பிட்டு எல்லோரும் காரில் ஏறிய பிறகு, பெண்ணின் தகப்பனிடம் போய் நின்றார்.

"ஐயா, உந்தப் பின்வேலியை ஒருக்கா அவிழ்த்துத் தாறியளே?"

கிடுகு வேலி அவிழ்ந்தது. கார் புகையிலைத் தோட்டத்து ஓரமாக அடுத்த ஒழுங்கைக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கி நின்று வேலியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பகுதியும் சேர்ந்து வேலி கட்டிய பிறகு சம்பந்தம் எப்படித் தட்டிப்போகும்? அந்தத் தம்பதிக்கு இப்போது நான்கு பிள்ளைகள்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. சனி மத்தியானம் கொடிகாமத்தில் என் சின்னம்மா வீட்டில் சாப்பாடு, இரவு நெல்லியடியில் என் கணவரின் சிநேகிதர் வீட்டில் தங்கல், ஞாயிறு திரும்புதல் என்று றிவேஸ் அண்ணையின் காரில் வெளிக்கிட்டோம். ஏறிய உடனேயே மகள் பின்சீற்றில் துவாயைப் போர்த்துக்கொண்டு நித்திரையானாள். கிடைத்த இடத்தில் நித்திரை கொள்ளும் பிள்ளை அவள்.

றிவேஸ் அண்ணை கதைச் சுவாரசியத்தில் சின்னம்மா வீட்டுப் படலையைப் பத்து யார் தூரம் தாண்டிவிட்டார். சந்தையைச் சுற்றி வந்தோம். இரண்டாம் தரம் படலைக்கு முன்னால் ஒரு மாடு நின்றது. மீண்டும் சந்தை. மூன்றாம் தரம்தான் இறங்கினோம்.

"சாமி மூண்டுதரம் வீதி சுத்தி இருப்புக்கு வந்திட்டுதோ?" என்றார் சின்னம்மா.

சாப்பாடு முடிந்து வெளிக்கிடும்போது சின்னம்மா பின்சீற்றை நிரப்பினார். முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், மாம்பழம். நாங்கள் இருவரும் முன்சீற்றில் நெருக்கி இருந்தோம். திரும்பிப் பார்த்தேன். சாப்பிட்ட களைப்பில் முந்தியே ஏறிவிட்டாள் போல, துவாய்க்குள் மகள் சுருண்டு கிடந்தாள்.

"பிள்ளை நித்திரை. பள்ளம் பார்த்து ஓடுங்கோ அண்ணை."

"ஓம் பிள்ளை."

வரணி தாண்டும் வரை மூன்று பெரியவர்களும் ரகசியக் குரலில்தான் கதைத்தோம். என் கணவர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார். இரு பக்கமும் சேறும் தண்ணீரும் கிடக்கும் ஒடுங்கிய தெருவுக்கு வந்தபோது, துவாய் விலகியிருந்ததைச் சரிசெய்யக் கையை நீட்டினேன்.

என் மகளுக்கு முள் முளைத்திருந்தது.

"இஞ்சாருங்கோ, இது பிள்ளையில்லை. பிலாப்பழம்."

கார் நின்றது. எனக்குக் கண்ணில் தெரிந்தது சின்னம்மா வீட்டுக் கிணறு மட்டுந்தான். அந்தத் தெருவில் காரைத் திருப்ப இடமில்லை. முன்னுக்குப் போனால் நெல்லியடிப் பக்கம் போய்த்தான் திரும்பலாம். இவர் இறங்கி, "நான் ஓடிப்போறன்" என்றார், நாலைந்து மைல் தூரத்துக்கு.

றிவேஸ் அண்ணை என்னைப் பார்த்தார். "கிணத்துக்குக் கட்டு இருக்கே பிள்ளை?"

"முழங்கால் உயரந்தான் அண்ணை."

உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தார். "தம்பி, ஓடாதையும். காருக்குப் பின்னாலை போம். லேஞ்சியை ஆட்டும். நீர்தான் எனக்குக் கண்."

பழுது என்று ஊர் சொன்ன கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. இவர் பின்னால் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு ஓட, கார் கால் மைல் பின்னுக்குப் போனது. வழி முழுக்க றிவேஸ் அண்ணையின் வாய் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆரும் நிக்கினமே? ஆரும் நிக்கினமே?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை," என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

ஒரு கோயில் வெளியில் காரைத் திருப்பினார். பிறகு பள்ளம், திட்டி எதையும் அவர் பார்க்கவில்லை.

மகள் சின்னம்மாவின் குசினியில் அடுப்போரம் இருந்து, விரலெல்லாம் தேங்காயெண்ணெய் பூசி, இன்னொரு பலாப்பழத்தில் பாதியை முடித்திருந்தாள்.

"அம்மா, தந்த பழம் காணாதெண்டே வந்தனீங்கள்?"

"ஆட்டுக்குக் குழை போடப் போனால் உவள் கொட்டிலுக்கை நித்திரை," என்றார் சின்னம்மா. "நான் உன்ரை மடியிலை இருக்கிறாள் எண்டெல்லோ நினைச்சன். பழத்திலை வெயில் படக்கூடாதெண்டுதான் துவாயாலை மூடினனான்."

நான் பிள்ளையைத் தூக்கி வைத்து அழுதேன். இவர் சிரித்தார், ஆனால் லேஞ்சியை இன்னும் கையில் இறுக்கிப் பிடித்தபடி.

றிவேஸ் அண்ணை உள்ளே வரவில்லை. காரில் சாய்ந்து நின்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"முந்தி ஒருக்கா வீட்டு முற்றத்திலை றிவேஸ் எடுத்தனான் பிள்ளை. பின்னுக்கு எங்கடை சின்னவள் விளையாடிக்கொண்டு நிண்டவள். ஒரு சாண் இடைவெளி. அண்டைக்குப் பிறகு இண்டைக்குத்தான் தொட்டனான்."

அதன் பிறகும் தொடவில்லை. அன்று பின்னேரம் நெல்லியடியில் அந்தப் பலாப்பழத்தை வெட்டினோம். அவ்வளவு இனிப்பான பழத்தை நான் பிறகு சாப்பிடவில்லை. முதல் சுளையை அவருக்குத்தான் கொடுத்தேன்.

மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அந்த முள் இன்றைக்கும் என் உள்ளங்கையில் குத்துகிறது. போன வாரம் அவள் படிப்புக்காகக் கண்டிக்கு வெளிக்கிட்டாள். ஸ்ரேசனுக்குப் போக, அடுத்த தெருவில் புதுக் கார்க்காரப் பொடியன் நிற்கிறான், ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவான் என்றார் இவர்.

"வேண்டாம், றிவேஸ் அண்ணையே வரட்டும்," என்றேன். "ஊரைச் சுத்திப் போனால் என்ன? ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுவம்."