கார்த்திக மாசத்துச் சூடு

காலை ஒன்பதுக்கு நூறாக இருந்த சார்ஜ் பதினொன்றரைக்கே பதினெட்டு. சட்டைப் பைக்குள் போன் தோசைக்கல்லாகச் சுட்டது. தெனாலி பார்சல் ஆபீஸ் குமாஸ்தா சேஷகிரி ராவ் அதை வெளியே எடுத்து ஊதினார்.

"உறையைக் கழட்டுங்க, காத்தாடும்" என்றார் பக்கத்து மேஜை கோட்டய்யா.

கழற்றினார். வழுக்கி விழுந்து கண்ணாடி விரிந்தது.

"சரி, தண்ணிப் பானை மேல வைங்க."

வைத்த மறுநிமிஷம் மணி அடித்தது. போனைப் பிடிக்கப் பாய்ந்ததில் பானை உருண்டு உடைந்தது. இரண்டு ஜவுளி மூட்டைகள் நனைந்தன.

"ஏமண்டி, எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?" என்றாள் மனைவி ராஜ்யம்.

"தினம் வர்ற அஞ்சரைக்குத்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அந்தச் சும்மா அவருக்குப் பிடிக்கவில்லை. தீபாவளியன்று மச்சினன்மார் எதிரே சபதம் போட்டவர் அவர். "நாளைக்குப் பொறக்குற புண்ணியக் கார்த்திக மாசம் முடியிறவரைக்கும் நம்ம வீட்ல மீனும் கிடையாது, முட்டையும் கிடையாது. வெங்காயம் வாசப்படி தாண்டக் கூடாது." ராஜ்யமும், கூடவே இருக்கும் அவருடைய அப்பாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

நாலாம் நாளே அவருடைய நாக்கு செத்துவிட்டது. அன்றுமுதல் மத்தியானமானால் கடைத்தெரு பிரியாணிக் கடையில் ஒரு மூலை. ராத்திரி வீட்டில் பருப்புச் சோற்றைப் பிசைந்தபடி ஆசார உபதேசம். ராஜ்யத்துக்குத் தெரிந்தால் மிச்ச ஆயுசு பூராவும் சொல்லிக் காட்டுவாள்.

இன்றும் போனார். கோழித்தொடையை எடுக்கும்போது போன் செத்தது. பாதியில் கை கழுவிவிட்டு எதிரே இருந்த மஸ்தானின் ரிப்பேர் கடைக்கு ஓடினார்.

மஸ்தான் சார்ஜில் போட்டு, நோண்டிப் பார்த்துச் சிரித்தான்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு சாரு. நீங்க எங்க இருக்கீங்கன்னு நொடிக்கு நொடி இன்னொரு போனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. சூடாகாம என்ன செய்யும்?"

"யார் போனுக்கு?"

"'ராஜ்யம்'னு போட்டிருக்கு. பதினோரு நாளா."

சேஷகிரி ராவ் விரல்விட்டு எண்ணினார். பதினோரு நாள், எட்டு பிரியாணி. எல்லாம் அவள் கணக்கில் ஏறியிருக்கிறது.

"நிறுத்திரட்டுமா?"

"ஐயோ வேணாம்ப்பா, நிறுத்தினா சந்தேகம் வந்துரும். அப்படியே இருக்கட்டும். நீ கண்ணாடிய மாத்தி வை, நான் சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

அவளாகக் கேட்பதற்குமுன் நாமாகக் காலில் விழுந்துவிடுவதே மேல் என்று தோன்றியது. கோட்டய்யாவிடம் தலைவலி என்று சொல்லி, ஆட்டோ பிடித்தார். "ராஜ்யம், நான் பாவி" என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். ஆட்டோக்காரர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார்.

மூன்று மணிக்கு வாசல் கதவைத் தள்ளினார். கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. அப்படியும் வறுத்த மீன் வாசனை மூக்கைத் துளைத்தது.

ராஜ்யம் கரண்டியோடு உறைந்து நின்றாள். எதிரே வாழையிலை. அதன்முன் அவருடைய அப்பா, வலது கையில் மீன் தலையும் இடது கையில் ராஜ்யத்தின் போனுமாக உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி மகனைப் பார்த்தார்.

"ஒரேய், இதுல நீ இன்னும் கடைத்தெருவுலதானடா நிக்கிற, வீட்டுக்குள்ள எப்படி வந்த?"