மீன் குடிசைப் புகை

கையில் சுற்றிய பட்டை இரண்டாம் தடவையும் கார்லாவைக் காட்டிக்கொடுத்தது.

"பிரஷர் ஏறித்தான் இருக்கு," என்றாள் நர்ஸ் ரோண்டா. "காபி குடிச்சியா?"

"ஆமாக்கா, பெரிய கப்." அன்று அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூன்று பிள்ளைகள் போதும் என்று கருத்தடை மாத்திரை கேட்டு வந்திருந்தாள்.

"முப்பத்தெட்டு வயசு. சிகரெட் பிடிப்பியா?"

"சீச்சீ!"

"முப்பத்தஞ்சு தாண்டி, சிகரெட்டும் பிடிச்சா இந்த மாத்திரை ஆபத்து. ரத்தம் கட்டி மூளைக்கோ நெஞ்சுக்கோ போயிடலாம். அதான் கேக்குறேன்."

கார்லாவும் கணவன் டுவேனும் சர்ச்சில் அத்தனை பேர் முன்னால் கைகோத்து நின்று சிகரெட்டை விட்டவர்கள். டுவேன் வேலைக்குப் போனதும், பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்க உறைந்த ஏரிமேல் நிறுத்தியிருக்கும் தங்கள் மீன்பிடிக் குடிசையில் அவள் திருட்டுத்தனமாக ஊதுவது யாருக்கும் தெரியாது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிரே போகலாம்.

ரோண்டா மூக்கைச் சுளித்தாள். "உன் கோட்டுல வாடை வருதே?"

"அது... டுவேனோட வாடை."

"அவன்தான் விட்டுட்டானே!"

"மறுபடி தொட்டுட்டான்க்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கான்."

பாவம், வெளியே உட்கார்ந்து பத்திரிகை புரட்டும் அப்பாவி மேல் பழி.

"அப்படியா சேதி? டுவேன்! இங்க வாப்பா!"

டுவேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைந்தான். கார்லா கண்ணடித்தாள், தலையாட்டினாள், அவன் காலை மிதித்தும் பார்த்தாள்.

"திரும்பவும் சிகரெட்டாமே?" என்றாள் ரோண்டா.

டுவேன் முகம் வெளுத்தது. மனைவியைப் பார்த்தான். "எப்ப கண்டுபிடிச்ச?"

தான் சொன்ன பொய் நிஜமாகிவிட்டதைக் கார்லா சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி! எங்க வச்சு பிடிக்கிற?"

"மீன் குடிசையிலதான். சனிக்கிழமை மட்டும்."

குடிசையில் மிச்சமிருக்கும் நாற்றம் தன்னுடையது என்று எத்தனை நாள் பயந்திருக்கிறாள்! இவ்வளவு நிம்மதியாக அவனைத் திட்டி வருடக்கணக்காயிற்று. திட்டித் தீர்த்தாள்.

ரோண்டா பட்டையை அவிழ்த்தாள். "சரி கார்லா, உனக்கு அந்த மாத்திரை வேண்டாம். டாக்டர்கிட்ட காப்பர் டி பத்திக் கேளு."

"ஏன்க்கா? பிடிக்கிறது அவன்தானே?"

"ஏரியில உங்க குடிசைக்கு அடுத்த குடிசை என்னோடதுதான். சனிக்கிழமை அவன் புகை, செவ்வாய்க்கிழமை உன் புகை. மீனைத்தான் ரெண்டு பேரும் பிடிக்கிறதே இல்ல."