அடிகனமான எஸ்.எம்.பி.எஸ்.

உலகத்தில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் விற்றிருக்கிறார்கள். அதைக் கத்திரிக்காய்த் தராசில் நிறுத்து விற்ற ஒரே மகான் எங்கள் திருத்தணியில்தான் இருந்தார். பெயர் அடிகனம். பெற்றவர்கள் வேறு ஏதோ நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். ரேஷன் கடைக்காரரைத் தவிர அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் கடை வைத்திருந்தேன். பக்கத்துக் கடை அவருடையது. உதிரி பாகங்களை வாங்கி வந்து கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பார். பரம்பரையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். இவர் மட்டும் கரண்டியைப் போட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு மலையிறங்கிவிட்டார். ஆள் இறங்கினாரே தவிர, வாயிலிருந்து மடப்பள்ளி இறங்கவில்லை. ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் "அண்டா ரொம்பிடுச்சி" என்பார். மெஷின் மெதுவாக ஓடினால் "இன்னும் வேகல". வைரஸ் வந்தால் "ஊசிப் போச்சி". ஊரில் எல்லோரையும் பாவா என்றுதான் அழைப்பார், தெலுங்கில் மச்சான். எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது, அவருக்கும் கிடையாது. இருந்தும் நான் பாவா.

எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு பெட்டி உண்டு. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற உறுப்புகளுக்குப் பங்கு வைப்பது அதுதான். எல்லா ஊரிலும் அதைக் கம்பெனி பார்த்து வாங்குவார்கள். நம்மாள் கையில் தூக்கிப் பார்த்து வாங்குவார். சந்தேகம் வந்தால் எதிரே காய்கறிக் கடைக்கு எடுத்துப்போய்த் தராசில் வைப்பார். காய்கறிக் கடைக்காரரும் சளைக்காமல், "ஒண்ணே கால் கிலோ வருது. கொத்தமல்லி போடட்டா?" என்பார்.

"பாத்திரம் அடிகனமா இருந்தா அடி பிடிக்காது பாவா. இதுவும் அப்டித்தான். கனமா இருந்தா காயாது" என்று என்னிடம் சித்தாந்தம் பேசுவார். பெயர் வந்த கதை இதுதான்.

அவர் பூட்டிக் கொடுத்த என் மெஷின், பத்திரிகையில் சரியாக மாப்பிள்ளை பெயர் அடிக்கும்போது அணைந்துபோகும். ஒருமுறை அல்ல, வாரம் தவறாமல். கேட்டால், "உன்துல கனம் பத்தல பாவா" என்று என்னையே குறை சொல்லுவார். அந்த எரிச்சல் எனக்கு இன்னமும் போகவில்லை.

அப்போதுதான் கரும்பு நைனா வந்து சேர்ந்தார். திருவாலங்காட்டில் கரும்பு போடுகிறவர். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டும் பித்து பிடித்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மாப்பிள்ளை ஏற்றிவிட்ட பித்து. "உங்களால ஆகாது மாமா" என்று அந்தப் பிள்ளை சிரித்துவிட்டானாம். ஆடிக் கிருத்திகைக்கு அவன் வரும்போது ஊரிலேயே பெரிய மெஷினில் உட்கார்ந்து அவனை முந்திக் காட்டவேண்டும் என்று நைனா ஒற்றைக்காலில் நின்றார்.

அடிகனத்துக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. கடை ஈயடித்துக்கொண்டிருந்தது. இந்த மெஷின் நன்றாக ஓடிப் பெயர் கிடைத்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் மூடிவிட்டு மடப்பள்ளிக்கே திரும்பிவிடுகிறேன் என்று அங்கே சமைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணனும், "உன் கரண்டி அங்கியேதான் கீது" என்று அன்பாக ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

நைனாவும் அடிகனமும் மெட்ராஸ் போய் வாங்கி வந்தார்கள். இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு. ஒரு போகம் கரும்பு மொத்தமும் அதற்குள் போய்விட்டது. வீட்டுச் சுவர் அளவுக்கு ஒரு மானிட்டர். சிவப்பு விளக்கு எரியும் கேபினெட். கடைசியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வந்தபோது நைனா, "யார் கண்ணுக்கும் தெரியாத டப்பாதானே? அதுக்கு இன்னாத்துக்குத் துட்டு? இருக்கறதுல மலிவா போடு" என்றுவிட்டார். கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டு அரைஞாண் கயிற்றில் மிச்சம் பிடிக்கிற புத்தி.

திரும்பி வந்ததும் அடிகனம் என்னைக் கூப்பிட்டு இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் காட்டினார். ஒன்று கம்பெனி சரக்கு, விலை ஜாஸ்தி. தன் கடை மெஷினுக்கென்று எப்போதோ வாங்கி வைத்தது. இன்னொன்று கேபினெட்டோடு கிட்டத்தட்ட சும்மா வந்தது. இரண்டையும் தராசில் வைத்தோம். சும்மா வந்ததுதான் கனம்.

"பாத்தியா? கனமானது நைனாவுக்கு. லேசா கீறத நான் வெச்சிக்கிறேன். எனக்கு இன்னாத்துக்குப் பாவா கனம்?" என்றார், தியாகி மாதிரி.

"விலை ஜாஸ்தியா கீறது எப்டி லேசா இருக்கும்?" என்று கேட்டேன்.

"விலை கம்பெனிக்காரன் போடறது. கனம் சரக்கு போடறது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆடிக் கிருத்திகை அன்று மத்தியானம் கடைக்குள் நிற்க இடமில்லை. வெளியே காவடி போய்க்கொண்டிருந்தது. நைனா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மாப்பிள்ளை கூலிங் கிளாஸைக் கழற்றாமலே, "எஸ்.எம்.பி.எஸ். எந்த கம்பெனிங்க?" என்று கேட்டான்.

"கம்பெனி கெடக்கட்டும் மாப்ள. தூக்கிப் பாருங்க" என்றார் அடிகனம்.

அண்ணனும் பிரசாதத் தூக்கோடு வந்து வாசலில் நின்றுகொண்டார். தம்பியை வாழ்த்தவா, கையோடு கூட்டிப் போகவா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஆளுக்குப் பாதித் திரை என்று பிரித்துக்கொண்டு ரேஸ் ஆரம்பித்தது. நைனா வளைவில் மாட்டுவண்டி திருப்புவது போல் உடம்போடு சாய்ந்தார். கார் பறந்தது. ஒரு சுற்று முடிந்து இரண்டாவது வளைவில், பம்பைச் சத்தத்துக்கு நடுவே, டப் என்று ஒரு சின்னச் சத்தம். திரை கறுத்துவிட்டது. பின்னாலேயே புகை.

நைனா பதறி எழ, எல்லோரும் பின்வாங்க, அடிகனம் மட்டும் கண்ணை மூடி மூக்கை உறிஞ்சினார்.

"அடி பிடிச்சிடுச்சி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கடையே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், "இந்த மாதிரி டப்பா எஸ்.எம்.பி.எஸ். போனா கூட இருக்கிற கார்டையும் சேத்து இழுத்துனு போயிடும் மாமா" என்றான். நைனா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு போகம் கரும்பு அவர் கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்தது. வாசலில் அண்ணன் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அடிகனம் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி மூடியைப் பிரித்தார். உள்ளே கால்வாசிக்குத்தான் சாமான். மிச்ச இடத்தில் கோந்து போட்டு ஒட்டிய ஒரு சிமெண்டுக் கட்டி. கனத்துக்காக எவனோ புண்ணியவான் வைத்தது. தூக்கிப் பார்த்து வாங்கும் ஆட்கள் ஊர் ஊருக்கு இருப்பார்கள் போலிருக்கிறது. அவர்களுக்கென்றே செய்திருக்கிறான்.

அடிகனம் அந்தக் கட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிசியில கல்லு இருந்தா பொறுக்கிடுவேன் பாவா. இதுல கல்லு இருக்கும்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றார் என்னிடம். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாரும் சொல்லாமலே எழுந்து போய்த் தன் கடை மெஷினைக் குப்புறப் போட்டு, தியாகம் செய்து வைத்திருந்த அந்த லேசான எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிடுங்கி வந்து நைனா மெஷினில் பூட்டினார். ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் கார் வந்தது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி ரேஸ். நைனா படுமோசமாகத் தோற்றார். மாப்பிள்ளை முடித்து, டீ குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகும் மாமனார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் மெஷின் அணையவில்லை. "ஓடுதுடா அடிகனம்!" என்று நைனா போட்ட சத்தத்தில் காவடி எடுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தூக்கைத் தம்பி மேஜையில் வைத்துவிட்டு, "பொங்கல் ஆறிடப்போவுது, துன்னு" என்று மட்டும் சொல்லித் தனியாக மலையேறினார்.

கடை மூடாமல் நின்றது. அடிகனத்தின் சொந்த மெஷின்தான் கடைசிவரை குப்புறவே கிடந்தது. அன்றிலிருந்து அவருக்குப் புதுப் பைத்தியம். எந்த எஸ்.எம்.பி.எஸ். வந்தாலும் வாங்கியவர் எதிரிலேயே மூடியைப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்து, "கல்லு இல்ல, போடு" என்று சொன்ன பிறகுதான் பூட்டுவார். பிரித்தால் சீல் கிழியும், கிழிந்தால் வாரண்டி போய்விடும். திருத்தணியில் பல வருஷம் எவனுக்கும் வாரண்டியே கிடையாது.

நான் அவர்மேல் இருந்த கடுப்பில் மெட்ராஸ் போய்க் கம்பெனி மெஷினே வாங்கி வந்தேன். எவன் சொன்னானோ, சாப்பாட்டு நேரத்துக்கு ஸ்க்ரூ டிரைவரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் சோற்றுக் கையோடு ஓடி வருவதற்குள் சீலைக் கிழித்தாயிற்று.

"யோவ், மூணு வருஷ வாரண்டிய்யா!"

"ஆங், இருக்கட்டும். கல்லு இல்ல பாவா, போடு."

இப்போது அவர் மகனோடு ஐதராபாத் போய்விட்டார். போன மாதம் நான் புது மெஷின் ஒன்று வாங்கினேன். சீல் கிழியாமல் அப்படியே இருக்கிறது. பிளக்கைச் சொருகிவிட்டு ஸ்விட்சில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். யாராவது பக்கத்திலிருந்து "போடு பாவா" என்று சொன்னால் தேவலை போலிருந்தது.