புறங்கையில் நின்ற குதிரை

காலை பத்து மணிக்குக் குதிரை கணக்கரின் இடது புறங்கையில் ஒட்டிக்கொண்டது. மாலையில் சிறு பொம்மை செய்வோருக்கான போட்டி.

தப்பு பசையின் மேல் இல்லை, பெருமையின் மேல். கடைசி நிறத்தைப் பூசி முடித்த கையோடு, வெளிச்சத்தில் அழகு பார்க்கலாமே என்று குதிரையைப் புறங்கையில் நிறுத்தினார். அங்கே ஒரு சொட்டுப் பசை ஏற்கெனவே காத்திருந்தது.

அழகு பார்க்க வேண்டிய குதிரைதான். கடையில் வாங்கும்போது நான்கு காலையும் ஊன்றி, அலுவலகத்தில் அவர் நிற்பதைப் போலவே, சும்மா நின்றுகொண்டிருந்த பிளாஸ்டிக் குதிரை. இடுப்பில் அறுத்து, பின்னங்கால்களை மடக்கி, வெட்டு தெரியாமல் பட்டி பூசி, முன்னங்கால் தூக்கிப் பாய வைத்திருந்தார். மேலே இருந்தவன் பிறப்பால் காலாள். வேறொரு பொம்மையின் கால்களைப் பொருத்தி அவனைக் குதிரைவீரன் ஆக்கினார். தமக்குப் பல வருடமாக வராத பதவி உயர்வை அவனுக்கு இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஆண்டுதோறும் முதல் பரிசு பல் டாக்டருக்கு, இரண்டாவது இவருக்கு. இந்த வருடம் அது மாறியே தீரும் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"இழுத்துப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

"இழுத்தா கால் முறியும்."

"அப்ப தோலைக் கொஞ்சம் சீவிடலாமா?"

"யார் தோலை?"

"உங்களோடதைத்தான். குதிரையைச் சீவினா மறுபடி பெயிண்ட் அடிக்கணுமே."

நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைக் கொண்டுவந்து ஒரு சொட்டு விட்டாள். பசை அசையவில்லை. குதிரையின் வால் கரைந்து வழிந்தது.

வலது கையால் அவசரமாகப் புது வால் செய்து ஒட்டினார். வால் குதிரையில் ஒட்டியது. மணிக்கட்டிலும் ஒட்டியது.

"முதல்ல காலு மட்டும்தான் ஒட்டியிருந்துச்சு," என்றாள் மனைவி.

"பேசாம கிளம்பு."

பஸ்ஸில் கையை நெஞ்சுயரம் தூக்கிப் பிடித்து நின்றார். கூட்டம் தானாக விலகியது.

"சார், குதிரைக்கு டிக்கெட்?" என்றார் கண்டக்டர்.

மண்டபத்தில் வேறு சிக்கல். நடுவர்கள் வரும்போது, செய்தவர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஆள் தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

"கையை மட்டும் கழட்டி வெச்சுட்டு வர முடியுமா?" என்று எரிந்து விழுந்தார்.

மனைவி யோசித்தாள். அவள் யோசித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மேசைகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. "உள்ள போங்க," என்றாள். அவர் மேசைக்கடியில் நுழைந்து கையை மட்டும் மேலே நீட்டினார். விரிப்பை மணிக்கட்டைச் சுற்றி இழுத்துவிட்டு, எண் அட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் வெளியேறினாள்.

காலணிச் சத்தம் வந்தது. பல் டாக்டரின் மேசையருகே ஓர் "உம்" மட்டும் கேட்டது. பிறகு காலணிகள் இங்கே வந்து நின்றன.

"அடேயப்பா! சார், இங்க வந்து பாருங்க," என்றது பெண் நடுவரின் குரல். "நரம்பு ஒண்ணொண்ணும் எப்படி எழும்பி நிக்குது!"

குதிரைக் கழுத்தில் ஒற்றை மயிர்த் தூரிகையால் இழுத்த நரம்புகள். கணக்கருக்குக் கண் கலங்கியது.

"இந்தப் பழைய தழும்பைப் பாத்தீங்களா?" என்றது ஆண் குரல்.

விலாவில் ஈட்டி பட்ட தழும்பு. அதற்கே ஒரு முழு நாள் போயிருந்தது.

"வேர்வைகூட மினுங்குது சார். உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு."

முழங்காலில் மோவாய் முட்ட உட்கார்ந்திருந்தவர் நெஞ்சை நிமிர்த்தினார். தலை பலகையில் நங்கென்று இடித்தது. வலிக்கவேயில்லை. பல் டாக்டரின் முகத்தை நினைத்துக்கொண்டார்.

"முதல் பரிசு இதுக்குத்தான். பேச்சே இல்லை," என்றது ஆண் குரல்.

"ஆமா சார். ஆனா, இவ்வளவு தத்ரூபமா ஒரு கையைச் செய்யத் தெரிஞ்ச மனுஷன், அதுமேல எதுக்கு சார் கடையில விக்கிற குதிரை பொம்மையை வாங்கி ஒட்டி வெச்சிருக்காரு?"